அர்காதியின் எட்டாவது கடிதம்

துவாரகா, புது தில்லி
12 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய திரு. கதிரவன் அவர்களுக்கு,

தில்லியிலிருந்து காமாக்ஷி வைத்தியநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம். கஜகஸ்தானத்தில், எண்ணெய்க் குழாய்களுக்கு நடுவே, தாங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியாது. தில்லித் தமிழர் குழுவில் நீங்கள் போட்டிருந்த கேள்வியை ஆர்.கே. புரத்தில் இருக்கும் என் நாத்தனார் ஜ்யோத்ஸ்னா அனுப்பிவைத்தாள். 'நட்புப் பாலம்' என்ற சோவியத் பத்திரிகையின் தமிழ்ப் பகுதியில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறேன். அறுபத்தேழு வயதாகிறது, முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

இதைக் கையால் எழுதுகிறேன். போனில் தமிழ் தட்டினால் நான் நினைக்காத வார்த்தையெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் கணவர் வைத்தி ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவார். கோணலாக இருந்தால் அவரைத் திட்டிக்கொள்ளுங்கள். நாற்பது வருஷமாக நானும் அதைத்தான் செய்கிறேன்.

தமிழ்ப் பகுதி என்றால் பெரிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். கனாட் பிளேஸ் பக்கம் ஒரு மாடி. ராஜகோபாலன் சார் தலைவர். அப்புறம் நான், ஒரு மேஜை மின்விசிறி. ரஷ்ய மொழியிலிருந்து தமிழாக்குவது, அச்சுப்பிழை பார்ப்பது, வாசகர் கடிதங்களுக்குப் பதில் போடுவது எல்லாம் நான். சார் கையெழுத்துப் போடுவார், வெற்றிலை போடுவார்.

புரான் என்ற பெயரை மறுபடி படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். அமெரிக்கர்களின் விண்வெளி ஓடத்துக்குப் போட்டியாக சோவியத்காரர்கள் பன்னிரண்டு வருஷம் பாடுபட்டுச் செய்தது. 1988 நவம்பர் பதினைந்தாம் தேதி ஒரே ஒரு தடவை மேலே போயிற்று, பூமியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு இறங்கிற்று, அதோடு சரி. சங்ககிரியில் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நீங்கள் எங்கள் பத்திரிகையில் வந்த விமானியின் படத்தைப் பார்த்து, அவருக்கு எழுதினீர்கள். அர்காதி என்று பெயர் போட்டு அவர் பதில் எழுதினார். இரண்டரை வருஷத்தில் ஏழு கடிதங்கள். எட்டாவது வரவேயில்லை. அர்காதி இப்போது எங்கே, அவருடைய கடிதங்களைத் தமிழாக்கியது யார், ஏன் திடீரென்று நிறுத்திவிட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அர்காதியை எனக்கு நன்றாகவே தெரியும். மற்றதைச் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். இத்தனை வருஷம் கழித்து இது எதற்கு?

எங்கள் குடியிருப்பு விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்தால் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகளோடு தாழ்ந்து போகும். சில நாள் அந்த வரிசையில் ஒன்று மட்டும் சத்தமே இல்லாமல், கரிய வயிற்றோடு, எந்த ஜன்னலிலும் வெளிச்சம் இல்லாமல் வருகிற மாதிரி எனக்குக் கனவு வரும். அது எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதற்குள் விழித்துக்கொள்வேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
காமாக்ஷி


துவாரகா
11 அக்டோபர் 2025

அன்புள்ள கதிரவன்,

உங்கள் கடிதம் வந்தது. உங்கள் மனைவி சுஜாதாவுக்கும் பெண் கனிமொழிக்கும் என் ஆசிகள். பதினோரு வயதுப் பெண், சேலத்திலிருந்து தினமும் வீடியோவில் வந்து, அப்பா எப்போ வருவே என்று கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். படித்துச் சிரித்தேன். அடுத்த பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

நவம்பர் பதினைந்தாம் தேதி, வேலைத்தளத்து நண்பர்கள் இரண்டு பேரோடு, புரானை ஏவிய பைக்கனூருக்குப் போகப் போகிறீர்கள். பெரிய சாலையில் வண்டியை விட்டுவிட்டு, காவலுக்குத் தெரியாமல், புல்வெளியில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நடக்கப் போகிறீர்கள். பழைய ஓடத்தை வைத்துப் பூட்டியிருக்கும் கொட்டகைக்குள் புகுந்து, அதில் ஏறி, விமானியின் இருக்கையில் அர்காதியின் ஏழு கடிதங்களையும் வைத்துவிட்டு வரப்போகிறீர்கள். ஐம்பது வயதை நெருங்குகிற மனுஷர், வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற இன்ஸ்பெக்டர், இப்படி ஒரு யோசனையை எந்தச் சோதனைக்கும் உட்படுத்தாமல் விட்டிருக்கிறீர்கள்.

புரானில் அன்றைக்கு யாரும் இல்லை, அது தானாகவே போய்த் தானாகவே இறங்கிற்று என்பது காலேஜில் சேர்ந்த வருஷமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் அர்காதி மேல் கோபம் வரவில்லை. அந்த ஓடத்தை ஓட்டுவதற்காகப் பத்து வருஷம் பயிற்சி எடுத்துவிட்டு, கடைசியில் இருக்கை கிடைக்காமல் கீழே நின்று அண்ணாந்து பார்த்த விமானிகளில் அர்காதியும் ஒருவர் என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள். ஏக்கத்தில் ஒரு சின்னப் பையனிடம் பொய் சொல்லியிருக்கிறார், போகட்டும், ஒரு நாளாவது அவர் அதில் உட்கார்ந்ததாக இருக்கட்டும் என்கிறீர்கள். இந்த வரியை வைத்தியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

கதிரவன், அப்படி ஒரு விமானி இல்லை. அர்காதி என்று யாருமே இல்லை. அந்த ஏழு கடிதங்களையும் எழுதியது நான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பத்திரிகையில் பக்கங்கள் முன்கூட்டியே தயாராகிவிடும். மாஸ்கோவிலிருந்து தூதரகப் பையில் கட்டுரையும் படங்களும் சாணக்யபுரியில் இருந்த தூதரகத்துக்கு வரும், அங்கிருந்து எங்களுக்கு. புரான் கட்டுரையின் முதல் பாதி அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஹெல்மெட் போட்டுச் சிரிக்கிற ஒரு விமானியின் படமும் வந்தது. புரானைப் போலவே செய்து, ஜெட் இயந்திரம் பொருத்தி, பயிற்சிக்காக ஓட்டிப் பார்த்தவர்களில் ஒருவர். படத்தின் பின்னால் எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. அந்த மாதக் கடைசியில் ஏவப் போனார்கள். ஐம்பத்தொரு விநாடி பாக்கி இருக்கும்போது நின்றுபோயிற்று. எங்கள் பக்கமும் இரண்டு வாரம் காத்துக் கிடந்தது.

நவம்பர் பதினைந்தாம் தேதி மத்தியானம் டெலிபிரின்டரில் செய்தி வந்தது, பத்திரமாக இறங்கிவிட்டது என்று. அச்சகத்து ஆள் வாசலில் நின்றுகொண்டு ஜல்தி ஜல்தி என்கிறார். படத்துக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. பக்கத்தில் வெள்ளை தெரிந்தால் பத்திரிகையின் ரஷ்ய ஆசிரியருக்கு ஆகாது. நான் நிரப்பினேன். 'புரானைப் பத்திரமாகத் தரையிறக்கிய விமானி.' ஒரு வண்டி இறங்கினால் இறக்கியவர் ஒருவர் இருப்பார் என்று நினைத்தேன். கட்டுரையின் இரண்டாம் பாதி அடுத்த வாரம்தான் வந்தது. உள்ளே யாரும் இல்லை என்று அதில் போட்டிருந்தது.

ராஜகோபாலன் சாரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். யாரும்மா கண்டுபிடிக்கப் போறா, விடும்மா என்றார். அவர் சொன்னதுபோல் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஜனவரியில் ஒரே ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில், பென்சிலால் எழுதியது. அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன், அப்படியே எழுதுகிறேன்:

'ராக்கெட் மாமாவுக்கு, எங்கள் லாரி ஆகஸ்டு மாதம் திரும்பி வந்தது. வேறு டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பா வரவில்லை. இனிமேல் வரமாட்டார் என்று சொன்னார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போயும் உங்கள் வண்டியிலேயே திரும்பி வந்துவிட்டீர்கள். எப்படி வந்தீர்கள்?'

தம்பி, உள்ளே யாரும் இல்லை, அது எங்கள் தவறு என்று இரண்டு வரி எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். எழுத முடியவில்லை. வண்டி மட்டும்தான் வந்தது என்று அந்தப் பிள்ளையிடம் இரண்டாம் தடவையும் சொல்வதற்கு நான் யார்? 'அருமைக் கதிரவா, இறங்கும்போது எனக்கும் பயமாகத்தான் இருந்தது' என்று ஆரம்பித்தேன். பெயர் வேண்டியிருந்தது. நான் ரஷ்ய மொழி படித்த பாடப் புத்தகத்தில் எப்போது பார்த்தாலும் ரயிலைத் தவறவிடுகிற ஒருவன் வருவான். அவன் பெயர் அர்காதி.

அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. ஏவுதளத்துக்குப் பக்கத்தில் ஒட்டகங்கள் மேய்வதை எழுதினேன். ஓடத்தின் உடம்பில் ஒட்டிய ஓடுகள் முப்பத்தெட்டாயிரம், ஒன்றைப் போல் ஒன்று இல்லை என்று எழுதினேன். இறங்குவதற்குச் சற்று முன்னால் புரான் யாரும் நினைக்காத பக்கம் திரும்பியதையும், கீழே இருந்தவர்கள் கைவிட்டுப் போயிற்று என்று பதறியதையும் எழுதினேன். அதெல்லாம் கட்டுரையில் வந்த உண்மை. காற்றைப் பார்த்து நான்தான் திருப்பினேன் என்று சேர்த்துக்கொண்டது மட்டும் அர்காதியின் பொய்.

குளிர் நாளில் இரண்டு மோர் மிளகாய் வறுத்துக் கொடுத்தால் தேவலை என்று ஒரு ரஷ்ய விமானி எப்படி எழுதினார் என்பது உங்களுக்கு முப்பது வருஷமாகப் புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அன்றைக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கவில்லை, அதே நினைப்போடு உட்கார்ந்து எழுதிவிட்டேன். எனக்குக் குழந்தைகள் இல்லை. அவ்வப்போது உட்கார்ந்து உங்களுக்காக ஏதாவது யோசிப்பது எனக்குப் பிடித்திருந்தது, வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

ஆகையால் போகாதீர்கள். பறந்து வந்த ஓடம் அந்தக் கொட்டகையில் இல்லவே இல்லை. 2002-இல் கூரை இடிந்து விழுந்து அது நொறுங்கிப் போயிற்று, கூரையில் வேலை செய்த எட்டுப் பேரும் போய்விட்டார்கள். அதை முதுகில் சுமந்த பெரிய விமானமும் மூன்று வருஷத்துக்கு முன்னால் யுத்தத்தில் எரிந்துவிட்டது. இப்போது பூட்டிக் கிடப்பது புரானின் தங்கை, அதே மாதிரி செய்த இன்னொரு ஓடம், ஒரு நாளும் பறக்காதது. நீங்கள் நினைப்பதுபோல் நடந்து போன ஒருவர் வழியிலேயே இறந்துவிட்டார் என்று போன வருஷம் பேப்பரில் படித்தேன். பிடிபட்டால் உங்கள் வேலையும் போகும். வைத்தி வானிலை இலாகாவில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். நவம்பர் நடுவில் அங்கே ராத்திரிக்கு மைனஸ் பத்து சாதாரணம் என்று சொல்லச் சொன்னார்.

நீங்கள் கடைசியாக எழுதிய கடிதமும் என்னிடம் இருக்கிறது. அதற்கு ஏன் பதில் போடவில்லை என்பதை எழுத இன்று முடியவில்லை. என்னைத் திட்டி எழுதினாலும் சரி, போகவில்லை என்று ஒரு வரி போடுங்கள்.

மன்னிப்பை எதிர்பார்க்கும்,
காமாக்ஷி


துவாரகா
9 நவம்பர் 2025, ஞாயிறு

அருமைக் கதிரவா,

அர்காதி உன்னை நீ என்றுதான் எழுதுவார். இந்த ஒரு கடிதத்தில் நானும் அப்படியே எழுதிக்கொள்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

கிட்டத்தட்ட நாலு வாரம் நீ வாயைத் திறக்கவில்லை. நான் தினம் வைத்தியிடம், நீ படித்ததற்கு அடையாளமாகப் போனில் நீலக் கோடு வந்ததா என்று கேட்பேன். அவர் பைக்கனூரில் இன்றைக்கு எத்தனை டிகிரி என்று பதில் சொல்வார். முந்தாநாள் உன் குரல் வந்தது, பத்து விநாடி. "கோவமெல்லாம் இல்லீங்கம்மா. அர்காதி இல்லீன்னா பரவால்லீங்க. அந்த ஸீட்டு காலியாத்தான் இருந்துச்சான்னு ஒருக்கா கண்ணுல பாத்துட்டு வந்தர்றனுங்க." நானும் வைத்தியும் அதை நாலு தடவை கேட்டோம். நாலாவது தடவைதான் எனக்குப் புரிந்தது, நீ பார்க்கப் போவது புரானின் இருக்கையை இல்லை என்று.

உன் கடைசிக் கடிதத்தைப் பற்றி இப்போது சொல்கிறேன். 1991 மே மாதம் வந்தது. பேனாவுக்கு மாறியிருந்தாய். 'மாமா, அப்பாவுக்கு டெல்லியில் வாந்திபேதி வந்து அங்கேயே இறந்துவிட்டார். கூடப் போன டிரைவர்கள் ஆற்றங்கரையில் எரித்துவிட்டார்களாம். அம்மா பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. உங்கள் கடிதம் டெல்லி ஆபீஸ் வழியாகத்தானே வருகிறது. அங்கே இருக்கிற யாரையாவது ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, அந்த இடம் எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள்.'

இரண்டரை வருஷத்தில் நீ அர்காதியிடம் கேட்காமல், அந்த ஆபீஸில் இருக்கிற என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதைத்தான் நான் செய்யவில்லை. பத்திரிகையை மூடப் போகிறார்கள் என்று தெரிந்து எல்லோரும் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தோம். அது ஒரு காரணம். எங்கள் வீட்டு வழக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அது இன்னொரு காரணம். வைத்தியைக் கெஞ்சினேன். யாரோ எவரோ, சுடுகாட்டில் போய் யாரைன்னு விசாரிக்கறது, உனக்கென்ன பைத்தியமா என்றார். சரி என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். போகாமல், பார்க்காமல், போனேன் பார்த்தேன் என்று எழுதியிருக்கலாம். மேலே போய் வந்ததாக எழுதியவளுக்கு அது பெரிய காரியமா? ஆனால் அந்த ஒன்றில் பொய் எழுதக் கை வரவில்லை. உன் கடிதத்தைப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அதற்கப்புறம் மூன்று வீடு மாறிவிட்டோம், அது அங்கேயேதான் இருந்தது.

இன்று காலை போய் வந்தேன். வைத்தியும் வந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். துவாரகாவில் மெட்ரோ ஏறி, நடுவில் மாறி, காஷ்மீரி கேட்டில் இறங்கி, அங்கிருந்து பேட்டரி ரிக்ஷா. யமுனைக் கரையில் நிகம்போத் காட் என்று பெயர். எந்த இடத்தில் எரித்தார்கள் என்று நீ எழுதவில்லை. அந்த நாளில் வெளியூர் லாரிக்காரர்களைப் பெரும்பாலும் அங்கேதான் கொண்டுபோவார்கள் என்று வைத்தி ஒரு வாரமாக யார் யாரையோ போனில் கேட்டு வைத்திருந்தார்.

அந்த இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். எழுதுகிறேன். பனியும் புகையும் சேர்ந்து அக்கரை தெரியவில்லை. ஆற்றுக்கு இறங்கப் படிகள், பாதியில் உடைந்தவை. விறகு அடுக்கிவைத்திருக்கிற இடத்தில் ஈர மரத்து வாசனை அடிக்கிறது. ஒரு அரசமரம், அதன் கீழே டீக்கடை. நான் பயந்ததுபோல் இல்லை. யாரும் கத்தவில்லை. எல்லோரும் தூக்கத்தில் நடப்பதுபோல் மெதுவாக நடந்தார்கள்.

வைத்தி அங்கிருந்த ஆபீஸில் போய், 1988 ஆகஸ்டு மாதத்துப் பதிவேடு கிடைக்குமா என்று தன் பழைய அரசாங்க ஹிந்தியில் விசாரித்தார். முப்பத்தேழு வருஷம் ஆச்சே பாபுஜி என்று அந்த ஆள் தன்மையாகவே சொன்னார். எங்களுக்கு யார், சொந்தமா என்று கேட்டார். வைத்தி என்னைப் பார்த்தார். நான், "ஹமாரே கர் கே ஹைன்," எங்கள் வீட்டு மனுஷர், லாரி டிரைவர் என்றேன். அந்த ஆள் எழுந்து நின்றார். அவருடைய அப்பாவும் லாரி ஓட்டியவராம்.

கரையில் வெள்ளைப் பறவைகள் ஆயிரக்கணக்கில். வருஷா வருஷம் குளிருக்கு வடக்கேயிருந்து வருமாம், படகோட்டிகள் பொரியும் மிக்ஸரும் போடுகிறார்கள். நீ இருக்கிற பக்கத்தையும் தாண்டித்தான் வரும் என்றார் வைத்தி. எல்லாம் பனிக்குள்ளிருந்து வந்து, தண்ணீரைத் தொடப்போகிற நேரத்தில் ஒரு திரும்பு திரும்பி உட்கார்ந்தன. நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. என் கனவில் வருகிற அந்தக் கரிய ஓடம் எங்கே இறங்குகிறது என்று முதல் தடவையாகத் தெரிந்த மாதிரி இருந்தது. எந்தக் கோயிலிலும் சாஸ்திரத்துக்குக் கைகூப்புகிற வைத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சேற்றுப் படியில் விழுந்து நமஸ்காரம் செய்தார். எழுந்திருக்க நானும் டீக்கடைக்காரரும் கைகொடுக்க வேண்டியிருந்தது. அப்பா பேரைச் சொல்லியிருக்கலாமே, பேர் தெரியாமல் போச்சே என்று திரும்பி வரும்போது மெட்ரோவில் சொல்லிக்கொண்டே வந்தார். உன் கடிதங்கள் எதிலும் நீ அவர் பெயரை எழுதவில்லை, கதிரவா. அப்பா என்றுதான் எழுதியிருக்கிறாய்.

இன்னும் ஆறு நாளில் பதினைந்தாம் தேதி வந்துவிடும். பூட்டின கொட்டகையில் உனக்குக் கிடைக்கப் போவது ஒரு காலி இருக்கை. அதை நீ பன்னிரண்டு வயதிலேயே பார்த்துவிட்டாய், உங்கள் வீட்டு வாசலில், லாரியின் கதவைத் திறந்துகொண்டு வேறு டிரைவர் இறங்கினபோது. வண்டி நிற்கிற இடத்தில் போய்த் தேடாதே. உன் அப்பா இறங்கின இடம் இங்கே இருக்கிறது. படி எங்கே உடைந்திருக்கிறது என்றுகூட எனக்கு இப்போது தெரியும், கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன். சுஜாதாவையும் கனிமொழியையும் சேலத்திலிருந்து ரயிலேற்றிவிடு, எங்கள் வீட்டில் தங்கலாம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மோர் மிளகாய் நேற்றே வாங்கியாயிற்று.

அர்காதி உனக்குச் சொன்னதில் ஒன்றாவது பலிக்கட்டும். கடைசி நேரத்தில் காற்றைப் பார்த்து யாரும் எதிர்பாராத பக்கம் திரும்பு, யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. வந்து, உன் அப்பா பெயரை அந்தப் படியில் நின்று நீயே சொல்லு, வைத்தியும் கேட்கட்டும். அங்கே சேலத்தில் ஒரு பெண் தினமும் எப்போ வருவே என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போகிறாள். வண்டி மட்டும் வந்து நின்றது ஒரு தடவை போதும்.

நீ வா.

ஏழும் இந்த எட்டாவதும் எழுதிய,
காமாக்ஷி